சோதனையில் ஒருமுறைகூடச் சிக்காத வீரர் ஊக்கமருந்து எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ரசிகர்கள் பல ஆண்டுகள் இதையே சொல்லி வாதாடினார்கள். 2012இல், டூர் டி பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் அவர் வென்ற 7 பட்டங்களும் பறிபோயின. ஊக்கமருந்து எடுத்ததை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார். நேர்மையாக ஓட்டியவர்கள் மீதும் சந்தேகம் விழுந்ததுதான் பெரிய கொடுமை.

சிவப்பணுக்களைக் கூட்டும் ஈபிஓ மருந்தின் தடயம் சில நாட்களில் மறைந்துவிடும். கூடிய அணுக்களோ வாரக்கணக்கில் இருக்கும். அதனால்தான் சைக்கிள் பந்தயத்தில் 2008இல் 'உயிரியல் பாஸ்போர்ட்' வந்தது. ஒரே வீரரின் இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் குறித்து ஒப்பிடும் பதிவேடு அது. எப்போதும் 300 யூனிட் ஓடும் வீட்டு மீட்டரில் திடீரென்று 900 காட்டினால், உள்ளே ஏசியை யாரும் பார்க்காவிட்டாலும் கேள்வி எழும் அல்லவா, அது மாதிரி.

சரி, அளவு மாறினாலே குற்றவாளியா? இல்லை. மலைப்பகுதிப் பயிற்சியும் நோயும்கூட அளவை மாற்றும். வல்லுநர்கள் வீரரின் விளக்கத்தையும் பார்த்த பிறகே வழக்கு நகரும்.