மாநில சிவில் உரிமை ஆணையத்துக்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் டென்வர் பக்கம் வேலை செய்கிறான். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் ஆளைப் பார்த்ததும் தட்டிக்கழித்துவிட்டார்கள் என்கிறான். அங்கே மாநில சிவில் உரிமை ஆணையம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா? இல்லை, மனுவை வாங்கி வைத்துக்கொள்ளும் இன்னொரு அலுவலகம்தானா?

பதில்: இதே சந்தேகத்தோடுதான் நானும் ஒரு காலத்தில் அங்கே போனேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

டென்வரை ஒட்டிய அரோராவில் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தோம். ஒரு குடியிருப்பின் வாசலில் இரண்டு படுக்கையறை வீடு காலி என்று பலகை தொங்கியது. சனிக்கிழமை காலை நேரில் போய்க் கேட்டேன். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நேற்று சாயங்காலம்தான் போனது" என்றார். வீடு போயிருந்தது, பலகை மட்டும் போகவில்லை. மனசு ஆறாமல், கூட வேலை செய்யும் வெள்ளைக்கார நண்பரைக் கூப்பிட்டு அதே எண்ணுக்குப் போன் பண்ணச் சொன்னேன். "காலியாகத்தான் இருக்கிறது, இன்றைக்கே வந்து பார்க்கிறீர்களா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். கையில் இருந்தது இந்தியக் கடை பில் ஒன்றுதான். அதன் பின்பக்கம் எழுதிவைத்தேன்: 11.40, இல்லை. 1.15, இருக்கிறது. முன்பக்கம் முருங்கைக்காயும் இட்லி அரிசியும்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "புகார் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?" எச்1பி-யில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதே தனியாக ஒரு சட்டமீறல் என்று, டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் துணிந்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், பலரும் குழம்புவது இதில்தான். கொலராடோவில் 'சிவில் ரைட்ஸ் டிவிஷன்' வேறு, 'சிவில் ரைட்ஸ் கமிஷன்' வேறு. டிவிஷன் என்பது சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருக்கும் அரசுத் துறை. புகாரை வாங்குவது, விசாரிப்பது, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் அவர்கள்தான். அதற்கு மேலே ஏழு பேர் கொண்ட ஆணையம். ஆளுநர் நியமிப்பார், மாநில செனட் ஒப்புதல் தரவேண்டும். (அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர் ஆளுநர் மாதிரி இல்லை. தேர்தலில் ஜெயித்து வருபவர், நம் கணக்கில் முதலமைச்சர்.) அந்த ஏழு பேரில் குறைந்தது நான்கு பேராவது பாகுபாட்டுக்கு ஆளான, அல்லது ஆளாகக்கூடிய மக்களிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும்.

என் புகாரில் அந்த ஏழு பேரில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதற்கு முன்பே முடிந்துவிட்டது. டிவிஷனிலிருந்து அந்தக் குடியிருப்பை நடத்தும் கம்பெனிக்குக் கடிதம் போனது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்லுங்கள் என்று. வாசலில் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டே வீடு இல்லை என்று சொன்னவர்கள், இப்போது அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் எந்த வீடு காலி, யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பதிவேட்டையும் கேட்டார்கள். தர மறுத்தால் சம்மன் அனுப்பிக் கேட்கும் அதிகாரம் டிவிஷன் இயக்குநருக்கு உண்டு. என்னிடமும் விசாரணை அதிகாரி தோண்டித் துருவித்தான் கேட்டார். "எத்தனை மணிக்குப் போனீர்கள்? எப்படித் தெரியும்?" கடை பில்லை எடுத்துக் கொடுத்தேன். நான் நாலு பக்கத்துக்கு எழுதிய ஆதங்கத்தை அவர் வேகமாகப் புரட்டினார். பில்லை மட்டும் இரண்டு பக்கமும் நகலெடுத்துக்கொண்டார்.

கடைசியில் சமரசத்தில் முடிந்தது. தப்பு என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி, காலி வீட்டுப் பட்டியலை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டுவது, கொஞ்சம் பணம். எவ்வளவு என்று வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சரி, சமரசம் ஆகவில்லை என்றால்? விசாரித்தபின் இயக்குநர் ஒரு முடிவு சொல்வார்: புகாரில் முகாந்திரம் இருக்கிறது, அல்லது இல்லை. இல்லை என்றால் ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இருக்கிறது என்றால் சமரசப் பேச்சு கட்டாயம். அதுவும் தோற்றால் கோப்பு ஆணையத்திடம் போகும். விசாரணைக்கு அனுப்பலாமா என்று ஆணையம் தீர்மானிக்கும். நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் சாட்சிகளைக் கேட்டு முடிவு எழுதுவார், அதை ஆணையம் பரிசீலித்து உத்தரவு போடும். இதை நிறுத்து, இவரை வேலைக்கு எடு, நிலுவைச் சம்பளத்தைக் கொடு என்று சொல்லலாம். பிடிக்காதவர்கள் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். யாரும் புகார் தராமலேயே ஆணையம் தானாகவும் ஒரு புகாரைத் தொடங்கலாம். ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, இது குற்றவியல் சட்டமே இல்லை. வேலை விவகாரத்தில் மன உளைச்சலுக்குப் பெரிய நஷ்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான் போகவேண்டும்.

நம் ஊரில் மனித உரிமை ஆணையம் என்றால் அரசு ஊழியர்மேல்தான் புகார். அங்கே கடைக்காரர், வீட்டுக்காரர், முதலாளி எல்லோரும் பிடியில் வருவார்கள். அதிலும் ஒரு சங்கதி: வேலையில் பாகுபாடு பற்றிய மத்தியச் சட்டம் குறைந்தது 15 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும். கொலராடோ சட்டம் ஒரே ஒரு வேலையாள் இருக்கும் கடையையும் விடாது.

இந்த உத்தரவுக்கு எவ்வளவு வலு என்று கேட்டால் நான் சொல்வது மார்லன் கிரீன் கதையைத்தான். கொலராடோ என்றாலே கேக் வழக்கு என்பார்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். கிரீன் விமானப்படையில் இருந்த கறுப்பின விமானி. 1957-ல் கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பம் போட்டார். அந்தக் காலத்தில் பெரிய அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் கறுப்பின விமானிகளைப் பார்க்கவே முடியாது. விண்ணப்பத்தில் இனம் எது என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார். டென்வருக்குச் சோதனைக்கு வரச் சொன்னார்கள், வந்தார், ஓட்டிக் காட்டினார். வேலை மட்டும் வரவில்லை. அப்போது இந்த ஆணையத்துக்குப் பெயர் பாகுபாடு எதிர்ப்பு ஆணையம். 1957-ல்தான் அதற்குப் பல் முளைத்திருந்தது. விசாரித்துவிட்டு, இவரை எடுக்காததற்கு நிறம்தான் காரணம், அடுத்த பயிற்சி வகுப்பில் முதல் இடத்தைக் கொடு என்று உத்தரவு போட்டார்கள்.

நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. விமானம் மாநிலம் விட்டு மாநிலம் பறக்கிறது, எங்களை ஒரு மாநில ஆணையம் எப்படிக் கேட்கலாம் என்பது வாதம். மாவட்ட நீதிமன்றமும் கொலராடோ உச்ச நீதிமன்றமும் தலையாட்டின. 1963 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தூக்கிப் போட்டது: மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. கிரீன் 1965-ல் கான்டினென்டலில் சேர்ந்து 1978 வரை ஓட்டினார். எட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அந்த எட்டு வருடத்தை எப்படி ஓட்டினாரோ.

இப்போது கேக். 2012 ஜூலையில் லேக்வுட் என்ற ஊரில் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் கடைக்கு இரண்டு ஆண்கள் தங்கள் திருமணத்துக்குக் கேக் சொல்லப் போனார்கள். கடைக்காரர் ஜாக் பிலிப்ஸ், பிறந்தநாள் கேக் தருகிறேன், பிஸ்கட் தருகிறேன், ஒரே பாலினத் திருமணத்துக்கு மட்டும் செய்ய மாட்டேன், என் மதம் இடம் தராது என்றார். புகார், முகாந்திரம், நிர்வாகச் சட்ட நீதிபதி என்று நான் மேலே சொன்ன படிகள் எல்லாம் ஏறி 2014 மே மாதம் ஆணையம் உத்தரவு போட்டது. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. இந்தப் பாகுபாட்டை நிறுத்து, வேலையாட்களுக்குப் பயிற்சி கொடு, இரண்டு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பு. அவ்வளவுதான். பிலிப்ஸ் திருமணக் கேக் செய்வதையே நிறுத்திக்கொண்டார்.

2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று ரத்து செய்யவில்லை. கடை திறந்தவர் யாருக்கு விற்பது என்று ஆள் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட மாநிலத்தால் முடியும் என்றுதான் நீதிபதி கென்னடி எழுதினார். கெடுத்தது பேச்சு. 2014-ல் நடந்த ஒரு பொதுக் கூட்டத்தில் ஆணைய உறுப்பினர் ஒருவர், அடிமைமுறையிலிருந்து யூதப் படுகொலை வரை எத்தனையோ பாகுபாட்டுக்கு மதத்தைச் சாக்காகச் சொல்லியிருக்கிறார்கள், மதத்தை வைத்து அடுத்தவரை நோகடிப்பது மகா கேவலம் என்கிற மாதிரி பேசினார். மற்ற உறுப்பினர்கள் யாரும் குறுக்கே பேசவில்லை. போதாக்குறைக்கு, ஒரே பாலின உறவைக் கண்டிக்கும் வாசகங்களோடு கேக் கேட்ட வேறொருவருக்கு மூன்று கடைகள் மறுத்தபோது, அந்தப் புகார்களில் முகாந்திரம் இல்லை என்று முடித்திருந்தார்கள். ஆக, பிலிப்ஸின் மத நம்பிக்கையை நடுநிலையோடு கேட்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். அந்த உறுப்பினர் சொன்னதில் வரலாற்றுத் தப்பு ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிர்த்தரப்பின் சாமியைப் பற்றிப் பேசினால், உத்தரவு நிற்காது.

2023 ஜூனில் அதிகாரத்திலேயே ஒரு துண்டு போனது. திருமண இணையதளம் வடிவமைக்க விரும்பிய ஒரு பெண், புகார் எதுவும் வருவதற்கு முன்பே கொலராடோ சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். தன் கருத்துக்கு மாறான செய்தியைப் படைக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 தீர்ப்பு. எது படைப்பு, எது சாதாரண விற்பனை என்ற சண்டை இனி ரொம்ப நாள் ஓடும்.

உங்கள் தம்பிக்கு அந்தச் சண்டை தேவையில்லை. வாடகை வீடு யாருடைய கலைப்படைப்பும் அல்ல. அவர் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, வீட்டுக்காரர் தானும் குடியிருக்கும் தனிவீட்டுக்குள் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுகிறார் என்றால், வீட்டு வசதிச் சட்டம் அங்கே பொருந்தாது. இரண்டாவது, நாள் கணக்கு. வீட்டுப் புகாருக்கு ஒரு வருடம். வேலைக்கு 300 நாள், 2022 வரை வெறும் ஆறு மாதமாக இருந்தது. கடை, ஹோட்டல் மாதிரிப் பொது இடம் என்றால் 60 நாள்தான். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று இருந்தால் அது ஓடியே போய்விடும்.

நடுவில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம். அதே பிலிப்ஸ்மேல் இன்னொரு கேக் விவகாரத்தில் ஒரு திருநங்கை வழக்கறிஞர் புகார் கொடுத்தார். ஆணையம் அந்தக் கோப்பை மூடியது. அவர் நேரே வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார், பிலிப்ஸுக்கு 500 டாலர் அபராதம். 2024 அக்டோபரில் கொலராடோ உச்ச நீதிமன்றம் வழக்கையே தள்ளிவிட்டது. ஆணையம் கோப்பை மூடியதை எதிர்த்து மேல்முறையீடு செய்யாமல் புது வழக்குக்கு வந்தது செல்லாது என்பதுதான் காரணம். யார் சொன்னது நியாயம் என்ற பேச்சுக்கே போகவில்லை.

இந்தியர்களே இந்தியர்களிடம் சாதி பார்த்தால் என்ன என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பீர்கள். கொலராடோ சட்டத்தின் பட்டியலில் இனம், நிறம், மத நம்பிக்கை, பிறப்பு நாடு, வம்சாவளி எல்லாம் உண்டு, சாதி என்ற சொல் இல்லை. கலிபோர்னியாவில் அந்தச் சொல்லைச் சேர்க்கும் மசோதா 2023-ல் சட்டமன்றத்தைத் தாண்டியது. இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பிவிட்டார். அது தனிப் பதிலாக எழுத வேண்டிய சமாச்சாரம்.

தம்பியிடம் இன்றைக்கே கேளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பேசியது, என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். எழுதிவைத்தால் உடனே போட்டோவும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என் கடை பில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. முருங்கைக்காய் விலையெல்லாம் மங்கி வெள்ளையாகிவிட்டது. பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய 11.40, 1.15 இரண்டும் அப்படியே இருக்கின்றன.