சம்பள நாள் பரிசும் 14,800 வெள்ளி கடனும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். வயது 41. மஸ்ஜித் ஜாமெக் அருகே ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் 4,300 வெள்ளி (ரிங்கிட்). கணவர் ஷா ஆலாமில் தொழிற்சாலைத் தொழில்நுட்பர். பிடித்தம் போக இருவருக்குமாக 6,900 வெள்ளி கைக்கு வருகிறது. வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் ஒழுங்காகப் போகின்றன. பெட்ரோலுக்கோ மளிகைக்கோ நான் கார்டு தேய்ப்பதில்லை. ஆனாலும் இரண்டு கிரெடிட் கார்டுகளில் 14,800 வெள்ளி நிற்கிறது, இரண்டு வருடமாகக் குறையவே இல்லை. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' செயலிகளில் ஐந்து தவணைகள் ஓடுகின்றன, அதற்கு மாதம் 460 வெள்ளி. நாங்கள் ஊதாரிகள் இல்லை. சம்பளம் வந்ததும் எனக்கென்று ஏதாவது வாங்குவேன், அவ்வளவுதான். மாதம் முழுக்க உழைக்கிறவளுக்கு இதுகூடக் கிடைக்க வேண்டாமா?

இப்போது வங்கி முகவர் ஒருவர் 20,000 வெள்ளி தனிநபர் கடன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். ஆண்டுக்கு 6 விழுக்காடு, 5 வருடம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மீதியை எங்களுக்காகச் செலவு செய்துகொள்ளலாமாம். 'இத்தனை வருடம் உழைத்த உங்களுக்கு இந்த வாய்ப்பாவது கிடைக்க வேண்டாமா' என்றார். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் 4,300 வெள்ளிக்கு ஒரு போன் கேட்கிறாள். முடியாது என்றேன். 'நீங்கள் வேலை செய்வதற்குப் பரிசு வாங்கிக்கொள்கிறீர்கள். நானும் படிக்கிறேனே, எனக்குக் கிடைக்க வேண்டாமா' என்று கேட்டுவிட்டாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. கடனை எடுக்கலாமா? தொழிலாளர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் 1,900 வெள்ளி இருக்கிறது. அதை எடுத்துப் போனுக்கு முன்பணம் கட்டலாமா?

பதில்: சகோதரி, இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். காரணத்தைச் சொல்கிறேன், கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை திருப்பிப் படியுங்கள். 'கிடைக்க வேண்டாமா' என்று நீங்கள் கேட்கிறீர்கள். முகவர் கேட்கிறார். உங்கள் மகளும் கேட்கிறாள். மூன்று பேர் வாயிலும் ஒரே சொல் வருகிறது. மகள் சொன்னபோதுதான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஆறு மாதக் கார்டு அறிக்கைகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு வாங்கலுக்கும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். மொத்தம் 31 வரிகள். அவற்றில் 24 வரிகள் 25ஆம் தேதிக்கும் 28ஆம் தேதிக்கும் இடையில் இருக்கின்றன. உங்கள் சம்பளம் 25ஆம் தேதி வருகிறது. செயலியின் ஆர்டர் பக்கங்களில் நேரமும் தெரிகிறது. 25ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:07க்கு ஏர் ஃப்ரையர், 329 வெள்ளி. 12:19க்குக் கைப்பை, 189 வெள்ளி. அந்த இரவில் உங்கள் கணக்கில் சம்பளம் இன்னும் ஏறியிருக்காது. ஆனால் 'சம்பள நாள் விற்பனை' ஆரம்பித்திருக்கும். இணையக் கடைகள் 25ஆம் தேதியைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த நாட்டில் பலருக்குச் சம்பளம் வரும் நாள் அது. நீங்கள் களைத்து, 'இந்த மாதத்தையும் ஓட்டிவிட்டோம்' என்று மூச்சுவிடும் வேளையும் அதுதான்.

'உங்களுக்கு இது கிடைத்தே ஆக வேண்டும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1971இல் அமெரிக்காவில் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம், இன்று ஓர் ஓய்வு பெற நீங்கள் தகுதியானவர் என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகத்தைக் கொண்டுவந்தது. விற்றது ரொட்டியும் இறைச்சியும்தான். சொன்னதோ, உங்களுக்கு வரவேண்டிய ஓய்வு ஒன்று இருக்கிறது என்று. அதே காலகட்டத்தில் லோரியால் நிறுவனத்தின் தலைமுடிச் சாய விளம்பரத்துக்காக இலோன் ஸ்பெக்ட் என்ற 23 வயதுப் பெண் ஒரு வரி எழுதினார். 'ஏனென்றால் நான் அதற்குத் தகுதியானவள்' என்பது அதன் பொருள். பெண்ணை எப்போதும் ஆணின் பார்வைக்காகவே அலங்கரித்துக்காட்டிய விளம்பரங்களுக்கு நடுவில், ஒரு பெண் தன் வாயால் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னது துணிச்சல்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சாயம் போட்டி நிறுவனத்தின் சாயத்தைவிட விலை கூடுதலானது. அந்தக் கூடுதல் விலைக்கு நியாயம் சொல்லத்தான் அந்த வரி பயன்பட்டது. சுயமரியாதையைக் கொண்டுபோய் விலைச்சீட்டில் ஒட்டிவிட்டார்கள். பிற்பாடு 'நான்' என்பது 'நீங்கள்' ஆயிற்று. இப்போது சோபாவும் சுற்றுலாவும் தனிநபர் கடனும் அதே குரலில் பேசுகின்றன. நீங்கள் செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குவதற்குள் இடையில் நான்கே நிலையங்கள். அதற்குள் எத்தனை பலகைகள், எத்தனை கைப்பேசி அறிவிப்புகள் உங்களிடம் இப்படிப் பேசுகின்றன என்று நாளைக் காலை எண்ணிப் பாருங்கள்.

இதில் நடக்கிற கெடுதல் இதுதான். ஆசை என்றால் நாம் விலை கேட்போம், தள்ளிப் போடுவோம், வேண்டாம் என்றும் விட்டுவிடுவோம். விளம்பரம் அந்த ஆசையைப் பாக்கியாக மாற்றிவிடுகிறது. உலகம் உங்களுக்கு ஏதோ தர வேண்டியிருக்கிறது, நீங்கள் போய் வசூலிக்க வேண்டியதுதான் என்று ஆகிவிடுகிறது. தனக்கு வரவேண்டிய பாக்கியை வசூலிக்கப் போகிறவர் யாரும் விலை கேட்பதில்லை. கிடைக்காவிட்டால் ஏமாற்றப்பட்டதாகக் குமுறுவார். உங்கள் மகளின் முகத்தில் அன்று நீங்கள் பார்த்தது அந்தக் குமுறலைத்தான். அந்தப் பாக்கியை உண்மையில் கொடுக்கிறவரோ உங்கள் அடுத்த மாதச் சம்பளம்.

நான் கோலசிலாங்கூர் பக்கத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் (ரப்பர்) சீவினார். மளிகைக்கடையில் மாதம் முழுக்கக் கடன், சம்பள நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். அட்டையில் 555 என்று போட்ட குட்டிப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதுவார். அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. அம்மா ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பார். மொத்தம் ஏறியிருந்தால், எடுத்த பிஸ்கட் பொட்டலத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுவார். எங்களுக்குப் பிஸ்கட் உண்ணும் தகுதி இல்லை என்று அவர் நினைத்ததே இல்லை. கடனைக் கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான். அந்தத் தலைமுறைக்கு நியாயமான கூலியும் மரியாதையும் கிடைத்ததில்லை என்பதால், 'உங்களுக்குத் தகுதி உண்டு' என்று யாராவது சொன்னால் நம் நெஞ்சு உடனே இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதைக் காசாக்குகிறவர்கள் மீதுதான் என் கோபம்.

இனி கணக்கு. குறைந்தபட்சத் தொகையை 12 மாதம் தவறாமல் உரிய நேரத்தில் கட்டுபவருக்குக் கார்டு வட்டி 15 விழுக்காடு. நீங்கள் பல முறை பிந்திவிட்டதால் 18இல் இருக்கிறீர்கள். 14,800க்கு மாத வட்டி ஏறத்தாழ 222 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 740. அதில் 222 வட்டிக்குப் போய்விட்டால் 518 வெள்ளி அசலில் கழிகிறது. அதே மாதம் நீங்கள் புதிதாகத் தேய்ப்பது, ஆறு மாதச் சராசரியில், 520 வெள்ளி. இரண்டு வருடமாகக் கடன் ஏன் அசையவில்லை என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். சிக்கல் வட்டி விகிதத்தில் இல்லை, அந்த 520இல் இருக்கிறது.

முகவர் சொல்லும் 6 விழுக்காடு, நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்த பின்னும் முழு 20,000க்கும் போடப்படும் வட்டி. வருடம் 1,200, ஐந்து வருடத்தில் 6,000. மொத்தம் 26,000 வெள்ளி, மாதம் 433. உண்மையான விகிதம் 11 விழுக்காட்டை ஒட்டி வரும். கார்டின் 18ஐவிடக் குறைவுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். குறைவுதான். ஆனால் நீங்கள் அடைக்க வேண்டியதோ கார்டில் 14,800, செயலிகளில் மீதி மூன்று மாதத்துக்கு 1,380, ஆக 16,180. மேற்கொண்டு 3,820 வெள்ளியை எதற்குக் கடன் வாங்குகிறீர்கள்? கடனை அடைக்க வந்தவர் இன்னொரு பரிசையும் கையில் திணிக்கிறார். பிறகு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இப்போது மாதம் 740, 460 என்று 1,200 கட்டுகிறீர்கள். அது 433 ஆகக் குறையும். கையில் 767 வெள்ளி மிஞ்சும். இரண்டு கார்டும் காலியாக இருக்கும். 25ஆம் தேதி மறுபடி வரும். இந்த நிலையிலிருந்து ஒரே வருடத்தில் தனிநபர் கடனும் நிரம்பிய கார்டுமாகத் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இதற்குப் பதிலாக, இன்று கட்டும் அதே 1,200ஐத் தொடர்ந்து கட்டுங்கள். புதிதாக ஒரு வரிகூட ஏறக்கூடாது. செயலித் தவணைகள் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் கார்டுக் கடன் 13,200 அளவுக்கு இறங்கியிருக்கும். நான்காம் மாதம் முதல் 1,200 முழுவதும் கார்டுக்கே போகட்டும். 16ஆவது மாதத்தில் கடன் முடியும். மொத்த வட்டி ஏறத்தாழ 2,000 வெள்ளி. முகவரின் வழியில் 6,000 வெள்ளி, ஐந்து வருடம். 16,000ஐ மட்டும் இரண்டே வருடத்துக்கு எடுத்தாலும் வட்டி 1,920 ஆகிறது, இலாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வட்டியில்லாத் தவணை, கார்டு நிலுவையை மாற்றிக்கொள்ளும் சலுகை என்று இன்னும் பல அழைப்புகள் வரும். காலியான கார்டு உங்கள் கையில் இருக்கிற வரை அவை எதுவும் உங்களுக்கு உதவாது.

இரண்டு கார்டில் ஒன்றை, அதன் நிலுவை முடிந்ததும், மூடிவிடுங்கள். செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்களை இன்றிரவே அழியுங்கள், அறிவிப்புகளையும் அணையுங்கள். 25ஆம் தேதி சம்பளம் ஏறியவுடன் கார்டுக்கான தொகை தானாகவே போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். பிந்தாமல் ஒரு வருடம் கட்டினால் வட்டி விகிதமும் இறங்கும். ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். கடன் மீதியை மாதம் ஒருமுறை அதில் கையால் எழுதுங்கள்.

பரிசே கூடாது என்று சொல்லமாட்டேன். நான்காம் மாதத்திலிருந்து 1,200இல் 50 வெள்ளியை நோட்டாக எடுத்து உங்கள் பணப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுடையது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். அப்படிச் செய்தாலும் கடன் அதே 16ஆவது மாதத்தில் முடிகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் கணக்கு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு தந்தது. நீங்கள் 18 விழுக்காடு வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெறும் கணக்குப்படி அந்த 1,900ஐ எடுத்துக் கார்டில் போடுவது சரிதான். ஆனால் புதிய வாங்கல் ஒன்றுமே இல்லாத மூன்று அறிக்கைகள் கைக்கு வந்த பிறகு போடுங்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்கு திறந்தது முதல், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதே பலருக்கு எடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. போனுக்காக அதைத் தொடவே வேண்டாம். இடையில் வேலையிலோ உடல்நலத்திலோ சிக்கல் வந்து குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்ட முடியாமல் போனால் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தெருக்கம்பத்தில் ஒட்டியிருக்கும் வட்டிக்காரர்களின் எண்ணை மட்டும் அழைத்துவிடாதீர்கள்.

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் ஆறு மாதமாக வீட்டில் பேசிய வாக்கியத்தைத்தான் அவள் உங்களிடமே திருப்பிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த அறிக்கைகளைக் காட்டுங்கள். அவள் கேட்கும் போன் உங்கள் ஒரு மாதச் சம்பளம் என்பதைச் சொல்லுங்கள். 12:07, 12:19 என்ற நேரங்களையும் மறைக்காதீர்கள். அது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். 555 புத்தகத்தில் மாதாமாதம் மீதியை எழுதும் வேலையை அவளிடமே கொடுங்கள். ஐந்தாம் படிவம் படிக்கிற பெண்ணுக்கு 18 விழுக்காடு என்றால் என்ன என்று புரியும். பழைய போன் சீக்கிரம் சார்ஜ் இறங்குகிறது என்பதுதான் அவளுடைய முதல் குறை என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி மாற்றப் புதுப் போனின் விலையில் சிறு பங்குதான் ஆகும். அதை இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள்.