ஒருமனதாகவா?

கேள்வி: ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431-இல் மூண்ட பெலோப்பனீசியப் போருக்கு உண்மையான காரணம் என்ன? ஸ்பார்ட்டாவில் எல்லோரும் ஒருமனதாகப் போருக்குக் கிளம்பினார்களாமே?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஒருமனதாகவா? யார் சொன்னது? இந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும் என்று நெடுநாள் வாசகர்களுக்குத் தெரியும்.

முந்தைய ஆண்டு, கி.மு. 432-இல், ஸ்பார்ட்டாவின் சபையில் நடந்ததை ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான கொரிந்து நகரத் தூதர்கள் ஏதென்ஸின் மேல் குற்றம் அடுக்கினார்கள். மன்னர் ஆர்க்கிடாமஸ் எழுந்து, அவசரப்படாதீர்கள் என்றார். ஏதென்ஸிடம் கப்பல் இருக்கிறது, பணம் இருக்கிறது. இந்தப் போரை நம் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்வோம் என்று அஞ்சுகிறேன் என்றார். அடுத்துப் பேசிய ஸ்தெனெலைடஸ் அந்த ஆண்டின் எபோர்களில் ஒருவர், அதாவது மேலதிகாரி. அங்கு வந்திருந்த ஏதென்ஸ் தூதர்களின் நீண்ட பேச்சு தனக்குப் புரியவில்லை என்று தொடங்கி, நாலே வார்த்தையில் போர் கேட்டார்.

ஸ்பார்ட்டாவில் வாக்கு என்பது கூச்சல்தான். எந்தப் பக்கத்துக் குரல் பெரிதோ அந்தப் பக்கம் வெற்றி. கூச்சல் எழுந்தது. எது பெரிதென்று தெரியவில்லை என்றார் ஸ்தெனெலைடஸ். ஏதென்ஸ் அமைதி ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்பவர்கள் அந்தப் பக்கம் போங்கள், இல்லை என்பவர்கள் இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று பிரித்தார். வெளிப்படையாக நிற்க வைத்தால் போர் வெறி கூடும் என்பதே அவர் எண்ணம் என்கிறார் துசிடிடிஸ். கோழை என்று பெயரெடுத்தவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாத ஊர் அது. கூட்டத்துக்குள் நின்று "வேண்டாம்" என்று கத்தியவன், இப்போது ஊரார் பார்க்க நடந்து போய்த் தனியே நிற்க வேண்டும். மிகப் பெரும்பான்மையினர் அந்தப் பக்கம் போனார்கள். அப்போதும் ஒருமனதாக அல்ல.

எங்கள் தெரு வேப்பமரத்தை வெட்டியதும் இப்படித்தான். மரம் இருக்கட்டும் என்று முதல்நாள் மாலை என்னிடம் சொன்ன நான்கு பேர், மறுநாள் சங்கக் கூட்டத்தில் "வெட்டச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றதும் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. பதிவேட்டில் "ஒருமனதாக" என்று எழுதியிருந்தது. ரகசிய வாக்குச் சீட்டு இல்லாத கூட்டத்தின் முடிவை நான் முடிவாக மதிப்பதில்லை.

காரணத்துக்கு வருகிறேன். கொர்சைரா கொரிந்தின் குடியேற்றம். எபிடாம்னஸ் கொர்சைராவின் குடியேற்றம். எபிடாம்னஸின் உள்ளூர்ச் சண்டையில் தாய் கொரிந்தும் மகள் கொர்சைராவும் மோதிக்கொண்டார்கள். கி.மு. 433-இல் கொர்சைராவுக்குத் துணையாக ஏதென்ஸ் முதலில் 10 கப்பல்களை அனுப்பியது. பிறகு கொரிந்தின் இன்னொரு குடியேற்றமான பொட்டிடியாவை ஏதென்ஸ் முற்றுகையிட்டது. ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான மெகாரா நகர வணிகர்களுக்குத் தன் ஆளுகையிலிருந்த துறைமுகங்களையெல்லாம் ஏதென்ஸ் அடைத்தது. அந்தத் தடையை விலக்கினால் போரைத் தவிர்க்கலாம் என்று தூது வந்தும் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் இறங்கி வரவில்லை. இவையெல்லாம் வெளிக்காரணங்கள், ஏதென்ஸ் வளர்ந்ததும் அது ஸ்பார்ட்டாவுக்கு ஊட்டிய அச்சமுமே உண்மைக் காரணம் என்பது துசிடிடிஸின் தீர்ப்பு.

அச்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு, வளரும் வல்லரசும் பழைய வல்லரசும் மோதியே தீரும் என்று இன்று எழுதுகிறவர்கள் ஆர்க்கிடாமஸின் பேச்சைப் படிப்பதில்லை. அதே அச்சம் அவருக்கும் இருந்தது. அவர் கேட்டது அவகாசம்: தூது அனுப்புவோம், இரண்டு மூன்று ஆண்டுகள் நம்மைத் தயார்செய்துகொள்வோம் என்றார். அந்த வழி திறந்துதான் இருந்தது. கூச்சலும் வெட்கமும் அதை அடைத்தன.

கி.மு. 431-இல் படையை நடத்திக்கொண்டு ஏதென்ஸின் நாட்டுப்புறமான அட்டிக்காவுக்குள் நுழைந்தவரும் அந்த ஆர்க்கிடாமஸ்தான். மன்னர் என்பதால் போக வேண்டியிருந்தது. போரின் முதல் பத்தாண்டுகளுக்கு "ஆர்க்கிடாமஸ் போர்" என்று பெயரிட்டிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஸ்தெனெலைடஸ் பெயரை அல்லவா வைத்திருக்க வேண்டும்?