ஊருக்குப் போகும்போதெல்லாம் பேட்டரி டவுன்: ஸ்டீரியோவை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானில், நாங்கள் இருப்பது சென்னையில். அப்பச்சி ஓட்டிய பெட்ரோல் கார் ஊர் வீட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. படைப்பு, கல்யாணம் என்று போகும்போதுதான் எடுப்போம். போன வருஷம் அதில் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ மாட்டினோம். அதிலிருந்து எப்போது போனாலும் பேட்டரி டவுன். புதுப் பேட்டரி போட்டும் அதே கதைதான். ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்ற இரைச்சல் வேறு. செட்டையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இந்த மாதிரிப் புகாரில் செட் கெட்டிருப்பது குறைவு, அதை மாட்டிய வயரிங்தான் பெரும்பாலும் வில்லன். முதலில் ஒன்று பாருங்கள்: சாவியை உருவிய பிறகும் ஸ்டீரியோ பாடுகிறதா? பாடினால் பாதி விடை கிடைத்துவிட்டது.

வெளியில் வாங்கும் செட்டின் பின்னால் ஒரு கொத்து வயர் தொங்கும். உங்கள் பிரச்சினைக்கு அதில் மூன்றே மூன்றுதான் முக்கியம். மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வருவது. கடிகாரம், ஸ்டேஷன் நினைவு எல்லாம் அதை நம்பித்தான். சிவப்பு, சாவியைத் திருப்பியதும் செட்டை எழுப்பிவிடுவது. கறுப்பு, எர்த். சாவி லைனைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. "சாவி இல்லாமலேயே பாட்டுக் கேட்கலாம் சார்" என்று அதை ஒரு வசதியாகவே சொல்வார்கள். அப்புறம் அந்த செட் தூங்குவதே இல்லை. திரை இருட்டாக இருந்தாலும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தால் வேறு தொல்லை: சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் ஸ்டேஷனும் அழிந்துபோகும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. அதனால் என் சந்தேகம் முறுக்கல் மேல்தான்.

சந்தேகம் போதாது, அளந்து பார்க்க வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கொடுங்கள். உடனே எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வண்டியில் உள்ள மற்றவை அடங்க அரைமணி நேரம் விடுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் (10 ஆம்பியர் துளையில் மீட்டர் அதை 0.05 என்று காட்டும்) இருந்தால் நல்லது. 300, அதாவது 0.30, காட்டுகிறது என்று வையுங்கள். ஸ்டீரியோவின் ஃபியூஸை உருவுங்கள். எண் சட்டென்று 30-க்கு (0.03) இறங்கினால் ஆள் அகப்பட்டார்.

300 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல். சின்னக் காரில் வரும் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் காலி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்: ஒரு குறையும் இல்லாத கார்கூட 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை மாதத்தில் அதே பேட்டரியை வற்ற வைத்துவிடும். மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நிற்கிற காருக்கு எந்த வயரிங்கும் போதாது. கிளம்பும்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். (கம்பெனி செட் உள்ள வண்டி என்றால் திரும்ப மாட்டும்போது சில செட்கள் ரகசிய எண் கேட்கும்; முதலில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) வற்றிய நிலையில் கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம், நம் சிக்ரி, பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இத்தனை பேட்டரி வீணாவது கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, வயரிங்கைத் திருத்தும்போது செட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். நம் பக்கத்து வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி விரலில் கறுப்பாக ஒட்டும்; டேப் சுருண்டு கழன்று, உள்ளே முறுக்கிய செம்பு பச்சை பூத்திருக்கும். சிவப்பு வயரைப் பிரித்து, சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வருகிற லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். சேருமிடத்தை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். டேப் மட்டும் சுற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, எலி இல்லாமலா இருக்கும்? கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 போடுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் போகாவிட்டால் வயர் எரியும், அவ்வளவுதான்.

இரைச்சலுக்கு வருவோம். போனை சார்ஜரில் செருகி, ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்கிறீர்களா? சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் வேலை முடிந்தது. ஆக்ஸை விட்டுவிட்டு புளூடூத்தில் கேளுங்கள். நிற்காவிட்டால் கறுப்பு வயரைப் பாருங்கள். பெயின்ட் பூசிய தகட்டில் திருகியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்க வேண்டும். இன்ஜினும் ஹெட்லைட்டும் ஸ்டீரியோவும் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் செட்டின் உடம்புக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

ஸ்டீரியோ ஃபியூஸை உருவியும் மீட்டர் இறங்காமல், எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் நிற்காமல் இருந்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று பழுதானால் ராத்திரியில் பேட்டரியையும் குடிக்கும், பகலில் ஸ்பீக்கரிலும் கத்தும். உங்கள் இரண்டு புகாரும் அந்த ஒரே இடத்திலிருந்து வரலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி டயோடு பார்க்கிற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். செட் அது பாட்டுக்கு இருக்கட்டும்.