‘சாரி’ சொன்னால் தவறை ஒப்புக்கொண்டதாகுமா?

கேள்வி: கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலையில் ஏறித் திரும்பும்போது, வேகமாக வந்த பைக் என் காரின் பின்கதவில் மோதியது. ஓட்டியவருக்கு முழங்காலில் அடி. பதறிப்போய் இறங்கி ஓடி, “சாரி சார், நான் பார்க்கலை சார்” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் அதை செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார். ‘நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்’ என்கிறார்கள். முழுப் பொறுப்பும் என் தலையில்தான் விழுமா?

பதில்: அந்த வீடியோவை மட்டும் வைத்து விழாது. நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ‘சாரி’ என்பது வருத்தம்; அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் யாருக்கும் வாயில் வருவது. ‘நான் பார்க்கலை’ என்பது நடந்ததைப் பற்றிய தகவல். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவதைத்தான். ‘சாலையைப் பார்க்காமலே ஏறினீர்கள், இல்லையா?’ என்று கூண்டில் கேட்பார்.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் பேசியதைப் பொதுவாக சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். வழக்கில் உள்ளவரே தனக்குப் பாதகமாகப் பேசியிருந்தால் அது விதிவிலக்கு; தனக்கு எதிராக யாரும் சும்மா பேச மாட்டார்கள் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். அதனால் உங்கள் பேச்சு சாட்சியமாக உள்ளே வரலாம். வந்தாலும் அதுவே முடிவு ஆகாது. எந்தச் சூழ்நிலையில், எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று விளக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு பக்கமும் பார்த்தீர்கள், அப்போது சாலை காலி, பைக் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது என்றால் ‘பார்க்கலை’ என்ற அதே சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. பைக் என்ன வேகத்தில் வந்தது என்பதும் அந்த நொடியில் உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் ‘தப்பு என்னுடையது’ என்றே சொல்லியிருந்தாலும் அதற்கு எடை குறைவுதான்.

எடை அதிகம் உள்ளவை வேறு. உங்கள் விஷயத்தில், அடி விழுந்த இடம் பின்கதவு. காரின் முன்பாதி ஏற்கெனவே சாலையில் ஏறிவிட்டது என்பதற்கு அந்த நசுங்கலே அடையாளம். பிரதான சாலையில் வருபவருக்கே முன்னுரிமை என்பது உங்களுக்குப் பாதகம்தான். ஆனாலும் குறுக்கே ஒரு கார் வருவதைப் பார்த்து பிரேக் பிடிக்க அவருக்கு நேரம் இருந்ததா என்ற கேள்வி இங்கே பிறக்கிறது. கீறல் எந்தத் திசையில் இழுத்திருக்கிறது, உடைந்த கண்ணாடித் துகள் சாலையில் எந்த இடத்தில் சிதறியது, டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்குகிறது என்பவற்றை, வண்டியை நகர்த்தும் முன் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் படம் எடுத்திருக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் தடம் மங்கலாகத்தான் விழும். தடம் இல்லை என்பதால் பிரேக்கே பிடிக்கவில்லை என்று ஆகாது. காரில் டாஷ்கேம் (சாலையைப் பதியும் கேமரா) இருந்தால் அதன் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியும் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைக்கிறது. காரைப் பழுதுபார்க்க விடும் முன் அதை எடுத்துத் தரக் கேளுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸ் மாநிலம், விபத்தில் சிக்கியவரிடம் காட்டும் அனுதாபத்தைப் பொறுப்பேற்றதற்கான சாட்சியமாகக் காட்டக் கூடாது என்றது. கலிபோர்னியாவிலும் அனுதாபத்துக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதோடு சேர்த்து ‘தப்பு என்னுடையது’ என்று சொன்னால் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா (2006), ஒன்டாரியோ (2009) சட்டங்கள் இன்னும் தாராளமானவை: தவறை ஒப்புக்கொள்ளும் மன்னிப்புக்கும் பாதுகாப்பு தருகின்றன, மன்னிப்புக் கேட்டதால் காப்பீடு ரத்தாகாது என்றும் சொல்கின்றன. இங்கிலாந்தின் 2006 சட்டப்படி மன்னிப்பு என்பது தன்னளவில் அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது. ஹாங்காங்கில் 2017 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை, பொதுவான சாட்சியச் சட்டம்தான். அதிலும் ஒருவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இழப்பீட்டு வழக்கின் கணக்கு வேறு. ஒன்றைக் கவனியுங்கள்: ஒன்டாரியோ, ஹாங்காங் போன்ற இடங்களில்கூட இந்தப் பாதுகாப்பு இழப்பீட்டு வழக்கு போன்றவற்றுக்குத்தான், குற்ற வழக்குக்கு இல்லை.

கேள்வி: சமாதானமாகப் போகட்டும் என்று, ‘சேதம் முழுவதையும் நானே சரிசெய்து தருகிறேன்’ என எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இதில் பிரச்சினை வருமா?

பதில்: வரலாம். மேலே கேட்ட வாசகரைவிட உங்கள் நிலைமை சிக்கலானது. உங்கள் பாலிசி ஆவணத்தில் ‘நிபந்தனைகள்’ பகுதியைப் பிரித்துப் பாருங்கள். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று பெரும்பாலான மோட்டார் பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். கடைசியில் பணம் கட்டப்போவது அவர்கள் என்பதால், பேரம் பேசும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் அந்த வரியை மீறுகிறது. நிறுவனம் கையை விரித்தால் அந்தச் செலவு உங்கள் பையிலிருந்து போகும்.

இன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த நாள், நேரம், இடம், சேதம், அடிபட்டவர் விவரம், இவற்றோடு அந்தத் தாளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மறைக்கவே வேண்டாம். பிறகு தெரியவந்தால் அவசரத்தில் எழுதிய வாக்குறுதியைவிட மறைத்ததுதான் உங்களுக்குப் பெரிய கேடு. எதிர்த்தரப்புக்கு இதற்கு மேல் ஒரு வாட்ஸ்அப் செய்திகூட வேண்டாம். ‘நிறுவனத்திடம் தெரிவித்துவிட்டேன், அவர்கள் உங்களிடம் பேசுவார்கள்’ என்பது போதும்.

கேள்வி: அப்படியானால் விபத்து நடந்த இடத்தில் வாயே திறக்காமல் இருப்பதுதான் நல்லதா?

பதில்: இல்லவே இல்லை. அடிபட்டவரிடம் பேசாமல் நிற்பது மனிதத்தனம் இல்லை. உதவாமல் போவது பல நாடுகளில் குற்றமும்கூட. ‘எங்கே அடிபட்டிருக்கு? அசையாதீங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். இப்படி ஆனதுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘போன் பேசிக்கிட்டிருந்தேன்’, ‘பிரேக் சரியாப் பிடிக்கலை’, ‘செலவை நான் பார்த்துக்கறேன்’ என்ற வகை வாக்கியங்கள்தான் பின்னால் வழக்கில் வந்து நிற்பவை. ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிப்பதிலும் தவறில்லை. அங்கே விபத்து எப்படி நடந்தது என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

போலீஸ் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பொய் வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். வேகம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்பதே சரியான பதில். வாக்குமூலத்தை எழுதுபவர் தன் நடையில்தான் எழுதுவார். நீங்கள் சொன்ன ‘வருத்தமா இருக்கு’ அங்கே ‘தவறுக்கு வருந்துகிறேன்’ என்று மாறியிருக்கக்கூடும். கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படியுங்கள், மாறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.