தனியாளாகச் சென்னையை விட்டு டெல்டா பக்கம் குடிவர நினைக்கிறேன். வேலை, வெயில், வாழ்க்கை மூன்றையும் பார்த்தால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், இதில் எது சரிப்படும்?

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் சென்னையில் வாடகைக்கு இருக்கிறீர்கள், வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே நடக்கிறது, கூட யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வேலை, வெயில், வாழ்க்கை மூன்றையும் பார்த்து ஊர் சொல்லச் சொல்கிறீர்கள். என் பதில் தஞ்சாவூர். நான் அங்கே தனியாக இருக்கிறேன். "உன் ஊர் என்பதால் சொல்கிறாய்" என்று யாராவது வந்தால், ஆமாம், இருந்து பார்த்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எனக்குப் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். மெடிக்கல் கோடிங் வேலை, அதாவது ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு போடுவது. பல வருஷம் வேளச்சேரியில் இருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் டீமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள், அப்போதுதான் கிளம்பினேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சொந்த வீடு இருக்கும்போது தஞ்சாவூர்ல எதுக்குத் தனியா வாடகை?" அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, இங்கே ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறியது. தகவல் தெரிந்து நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுவந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டி டேங்கை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அம்மா அண்டா, குடம், பால் தூக்கு வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வரிசையாக மூடி வைத்திருந்தாள். செல்போனைக் கடையில் கொடுத்துக் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றினோம். என் பிழைப்பே கரண்டும் நெட்டும்தான். ஒரு வாரம் லாகின் பண்ணவில்லையென்றால் சம்பளம் கேள்விக்குறி. கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒருத்தர் தண்ணீருக்கு நின்றால் இன்னொருத்தர் கடைக்குப் போகலாம், தனியாளுக்கு அது கிடையாது. அதனால்தான் கடலோரம் வேண்டாம், அம்மாவைப் பார்க்கக் காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர்கிற தூரம் வேண்டும் என்று முடிவு பண்ணினேன். எங்கள் பக்கத்தைக் குறை சொல்கிறேன் என்று நாகை, வேதாரண்யம்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே இருப்பவர்கள் படுகிற பாடு தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆக, ஒரு ஊரை அதன் மோசமான மாதத்தை வைத்துத்தான் எடை போட வேண்டும். நிறையப் பேர் மார்கழியில் வந்து பச்சை வயலைப் படம் எடுத்துக்கொண்டு போய், இங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கிறது என்று எழுதுகிறார்கள். சித்திரை, வைகாசியில் வந்து பாருங்கள். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிவிட்டால் திரும்ப ஜூன் 12-ல்தான் திறப்பு. நடுவில் காவிரி முழுக்க மணல்தான். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. அந்த வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு எடுத்தீர்கள் என்றால் பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி உங்கள் மேல் இறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தரைத்தளத்தில் இருந்தால் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறும். மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி இருக்கிற நடு வீடாகப் பாருங்கள். கட்டாயம் இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

வெயில் என்று பார்த்தால் திருச்சியில் வறண்ட சூடு, முகத்தில் அடிக்கும். கிழக்கே போகப் போகப் புழுக்கமும் மழையும் கூடும். தஞ்சாவூர் இரண்டுக்கும் நடுவில். அதிலும் வல்லம் பக்கம் மேட்டு நிலம், செம்மண், மழைத் தண்ணீர் நிற்காது. மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டி வீடு கிடைத்தால் தனியாளுக்கு இன்னும் நல்லது, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் ராத்திரி எனக்குக் காய்ச்சல் ஏறித் தலை நிற்கவில்லை, நானே கதவைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பத்து நிமிஷத்தில் போய்ப் படுத்தேன். யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வேளச்சேரியில் இருந்த காலத்தில் எனக்கு இருந்த பெரிய பயமே அதுதான்.

வேலையைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கம்பெனி மாறுகிற எண்ணம் இருந்தால் திருச்சிக்குத்தான் கை ஓங்கும். நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா, திருவெறும்பூரில் பெல், துவாக்குடியில் என்.ஐ.டி., ஊருக்குள் மெடிக்கல் கோடிங் ஆபீஸ்கள், 2024-ல் திறந்த புது விமான நிலைய முனையம் என்று எல்லாம் அங்கே. சென்னைக்கு அடிக்கடி போய்வர வேண்டுமென்றாலும் திருச்சிதான், வந்தே பாரத் ரயில் கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதையில் விருத்தாசலம் வழியாகப் போய்விடுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம்காரர்கள் மெயின் லைன் என்கிற பழைய பாதையில் மயிலாடுதுறையைச் சுற்றிப் போக வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள். துவாக்குடி, திருவெறும்பூர், நவல்பட்டு மூன்றுமே திருச்சிக்குத் தஞ்சாவூர் பக்கம்தான் இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் திருச்சி நெரிசலுக்குள் நுழையாமலே இறங்கிவிடலாம், பஸ்ஸும் ராத்திரி பகல் எந்நேரமும் உண்டு. தஞ்சாவூரிலேயே 2024-ல் நியோ டைடல் என்கிற சின்ன ஐ.டி. பூங்கா திறந்தார்கள்.

கும்பகோணம் வியாபார ஊர், கோயில் ஊர், சாப்பாட்டுக்கும் காபிக்கும் குறை வைக்காது. கடை வைக்கிற எண்ணம் இருந்தால் அங்கே போங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு முகூர்த்த நாளும் திருவிழா நாளும் தெருவைக் கடப்பதே பாடு, 2028-ல் மகாமகம் வேறு வருகிறது.

வீடு தேடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தனியாளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய மலை. ஒரு வீட்டில் டுலெட் போர்டு தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்தம்மா கதவைத் திறந்து "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார். "நான் மட்டும்தாங்க" என்றேன். "அப்ப வீடு விட்டாச்சும்மா" என்று கதவைச் சாத்திவிட்டார். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனால் போர்டு அப்படியே இருக்கிறது. இன்னொரு இடத்தில் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் என்ன ஜாதி என்பதில் நின்றார்கள். வாடகையை மாதம் தவறாமல் தருகிற ஒருத்திக்கு எதற்கு இந்த விசாரணை? ஆண்களுக்கும் இதே கதைதான், "பேச்சிலர்னா வேண்டாம்" என்பார்கள். கடைசியில் எனக்கு வீடு கொடுத்தது ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மோட்டார் போட்டா மறக்காம நிறுத்திடுவியா பாப்பா?" நீங்கள் பெண்ணாக இருந்தால் முதலில் வேலை பார்க்கிற பெண்களுக்கான அரசின் தோழி விடுதியில் இடம் இருக்கிறதா பாருங்கள், திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருக்கிறது. அங்கே தங்கிக்கொண்டு நிதானமாக வீடு தேடலாம்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடு காட்டுகிறேன் என்று ஒரு புரோக்கர் ஊருக்கு வெளியே ஒரு புது நகருக்குக் கூட்டிப் போனார். வாசலில் பெரிய ஆர்ச், உள்ளே கலர் கொடிகள், மஞ்சளும் சிவப்புமாக மனைக் கற்கள். கற்களுக்கு நடுவே போன வருஷத்து நெல் தாள் இன்னும் மக்காமல் நிற்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்த வாய்க்காலில் ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மண்ணை மூடி அதன் மேல் ரோடு. "வாடகை எதுக்கும்மா, வாங்கிப் போடுங்க" என்கிறார். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே போட்டார்கள். ஆனால் முப்போகம் விளைந்த நஞ்சை மனையாவதும் வடிகால் அடைபடுவதும் என் கண்ணெதிரே நடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? நான் நிலம் வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தவள், எனக்கு அது வயிற்றெரிச்சல். வருகிறவர்கள் தயவுசெய்து அப்படிப்பட்ட இடத்தில் குடியேறாதீர்கள். மனை வாங்கவும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். டுலெட் போர்டுகள் தொங்கிக்கொண்டே இருக்கும், வீட்டுக்காரர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். சாஸ்திரம் பார்க்காதவர் என்றால் ஆடியில் வந்து தேடுங்கள். மற்ற மாதத்தில் தனியாள் என்றதும் கதவைச் சாத்துகிறவர் அப்போது உட்காரச் சொல்லிப் பேசுவார், அட்வான்ஸையும் குறைத்துக் கேட்கலாம்.