கானரிப் பறவையும் தபாலில் வரும்

அன்புள்ள சார்,
பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவருக்குப் பரணைக் காலி செய்ய உதவப் போனேன். 1970களில் வந்த, தபாலில் ஆர்டர் எடுத்துப் பொருள் அனுப்பும் சியர்ஸ் கம்பெனியின் கிறிஸ்துமஸ் கேட்டலாக் ஒன்று கிடைத்தது, தலையணை கனத்தில். அறுபதைத் தாண்டிய மனிதர் பொம்மைப் பக்கங்களைப் புரட்டிக் கண்கலங்கிவிட்டார். விலைப்பட்டியலில் அழ என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், ஒஹாயோ

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பக்கங்களில் பேனா வட்டம் ஏதும் இருந்ததா, கவனித்தீர்களா? அங்கே அது வீட்டுக்கு வீடு நடந்த சடங்கு. புத்தகம் தபாலில் வந்ததும் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, வேண்டியதையெல்லாம் வட்டம் போடுவார்கள். நாலு பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு கலர். மூலையை மடித்து, அம்மா கண்ணில் படுகிற இடத்தில் ‘மறந்து’ வைத்துவிடுவதும் உண்டு. போட்ட வட்டமெல்லாம் வீடு வந்து சேராது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் பண்டிகை வரும்வரை, வட்டம் போட்ட பொம்மை ரயில்வண்டி அவர்களுடையதுதான்.

சியர்ஸ் கிறிஸ்துமஸுக்கென்று தனிப் புத்தகம் போட ஆரம்பித்தது 1933இல். பெருமந்தத்தில் நாடே வேலையில்லாமல் தவித்த நேரம், துணிச்சல்தான். மிக்கி மவுஸ் கைக்கடிகாரம், லயனல் மின்சார ரயில், ஐந்து பவுண்டு சாக்லேட் பெட்டி, அப்புறம் உயிரோடு பாடும் கானரிப் பறவைகள்! ‘விஷ் புக்’, அதாவது ஆசைப் புத்தகம், என்பது ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1968இல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறவெறிச் சட்டங்கள் இருந்த தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் கடைக்குப் போனால், வெள்ளைக்காரர்கள் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க நேரும். கடனுக்குக் கடைக்காரர் சொன்னதே கணக்கு. கேட்டலாக்கில் அச்சடித்த விலை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆளைப் பார்த்து மாறாது. எனக்கு இந்தப் புத்தகங்கள் மேல் மரியாதை வந்தது பொம்மைகளால் அல்ல, இதனால்தான்.

அதற்காகப் பூஜையறையில் வைக்கவும் வேண்டாம். கிராமங்களில் பழைய கேட்டலாக் கழிப்பறை ஆணியில் தொங்கி, துடைக்கும் காகிதமாகத் தாள் தாளாகத் தீர்ந்துபோகும்.

1993இல் சியர்ஸ் தன் பெரிய கேட்டலாக்கை நிறுத்தியது. அடுத்த வருஷமே அமேசான் பிறந்தது. அதே அமேசான் 2018இல் பொம்மைக் கேட்டலாக்கை அச்சடித்து வீடு வீடாகத் தபாலில் அனுப்பியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சரி, பெரியவரை மறுபடி பார்த்தால், வட்டம் போட்டதில் எது வந்தது என்று கேளுங்கள். வராததைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். கேட்டு எழுதுங்கள்.